டிடெக்டர்கள் பேசிக்கொள்ளாத வீடு

எங்கள் ஊரில் ஒரு வீட்டின் ஸ்மோக் டிடெக்டர்களுக்குள் பேச்சு நின்றுபோனால், அந்த வீட்டு ஆள் ஒருவர் இரண்டுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஒன்று அழுதால் எழுந்துபோய் இன்னொன்றிடம் சொல்ல வேண்டும். அதுகள் மறுபடி பேசத் தொடங்கும்வரை அவர் தூங்கக் கூடாது. யாரும் போட்ட சட்டமில்லை இது. வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

அதுகளைப் பேச வைத்து, வாசல் கதவோரம் இருக்கும் அலாரம் பெட்டியோடு சேர்த்துவிடுவது என் வேலை. என் பெயர் பூபதி. கம்பெனியில் என்னை எடுத்ததே என் குரலுக்காகத்தான். எதிரில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். டிடெக்டர்களிடம் சத்தமாகப் பேசினால், யாரோ தங்களைப் போலவே பேசிக் கேலி செய்வதாக நினைத்துக்கொள்ளும்.

சொல்லப்போனால் பெரிய வேலை ஒன்றும் இல்லை. சமையலறையில் இருப்பதும் படுக்கையறையில் இருப்பதும் பெட்டிக்குக் கேட்கும்படி, 'அவர் அழுதால் நானும் அழுவேன்' என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டும். பெட்டி அதைக் கேட்டுக்கொண்டு பச்சை விளக்குப் போடும். அதற்குப் பிறகு வீட்டில் எங்கே புகைந்தாலும் எல்லாம் சேர்ந்து அழும். பெட்டி தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிடும். ஒயர் இழுப்பது சும்மா கொஞ்ச நேரத்து வேலை. அந்த ஒரு வாக்கியத்தை வாங்குவதற்குள்தான் முதுகு ஒடிந்துபோகும்.

தெய்வானை அம்மா வீடு திருப்பூரில், கீழே பனியன் கம்பெனி இருக்கிற ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. படிக்கட்டெல்லாம் பஞ்சுத் தூசி. அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு வீடு முடித்திருந்தேன். ஏணியைத் தோள் மாற்றித் தோள் மாற்றி ஏறிப் போனபோது கதவு திறந்தே கிடந்தது.

"உள்ள வாங்க தம்பி. எந்திரிச்சு வரலைன்னு நினைச்சுக்காதீங்க. நான் இப்ப ஒயராட்டம் உக்காந்திருக்கறன்."

சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருந்த நடையில், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் தரையில் அருவாமனை, சீப்பு, பாதி தொடுத்த மல்லிகைச் சரம். கழுவி ஆணியில் மாட்டிய துணிப்பை மாதிரி முகம் தொங்கியிருந்தது.

மார்கழியில் ஒருநாள் அவர் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தபோது, பாத்திரம் இறக்குகிற கரித்துணி அடுப்போரம் விழுந்து கனன்றிருக்கிறது. சமையலறை டிடெக்டர் அழுதிருக்கிறது. படுக்கையறை டிடெக்டர் வாயே திறக்கவில்லை. உள்ளே அவர் கணவர் நாச்சிமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்க விசைத்தறிக்குப் பக்கத்தில் நின்றவர்; காது போய்விட்டது, தலைக்கு நேர்மேலே அழுதால்தான் எட்டும். தெய்வானை அம்மா இறங்கி வந்து பார்த்தபோது புகை அவருடைய தலையணை வரைக்கும் வந்து நின்றதாம்.

"உலுக்கி எழுப்புனன் தம்பி. 'காப்பி ஆச்சா'ன்னு கேக்கறாரு மனுஷன்."

அன்றைக்கு நாற்காலி போட்டவர். இப்போது பங்குனி.

"நேத்து உக்காந்தபடியே கண்ணு சொருகிருச்சுங்க. சித்த நேரம்தான். அந்த நேரத்துல எதாச்சும் ஆகியிருந்தா இவரு கதி என்ன? இன்னைக்கு எப்படியாச்சும் பேசி முடிச்சுக் குடுங்க. இன்னொரு ராத்திரி என்னால ஆகாது."

நாச்சிமுத்து ஐயா சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார். சமையல் இப்போது அவர் பொறுப்பு.

"தம்பிக்கு ரசம் ஊத்தட்டுமா?"

"வேண்டாம்னு தலையாட்டுங்க தம்பி," என்றார் தெய்வானை அம்மா. "நான் தூங்காம இருக்கறதுல பாதி அந்த ரசத்தோட புண்ணியம்."

தலையாட்டினேன். களைப்பாக இருந்தது. படுக்கையறை பக்கத்தில் இருந்தது. ஏணியை அங்கே போட்டு ஏறினேன்.

படுக்கையறை டிடெக்டர் புதுசு. வெள்ளை வெளேரென்று இருந்தது. நன்றாகத்தான் பேசியது. "எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லைங்க. அவருதான் மூஞ்சியத் திருப்பிக்கறாரு," என்றது. சரி என்று இறங்கி, ஏணியைச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தது பழசு; எண்ணெய்ப் புகை படிந்து மஞ்சள் பூத்திருந்தது. நான் ஏறி வணக்கம் சொன்னதும் தன் சிவப்பு விளக்கை மூடிக்கொண்டது. மறுபடி சொன்னேன். திறக்கவில்லை.

நடையிலிருந்து தெய்வானை அம்மாவின் குரல் வந்தது. "தம்பி, முதல் ஏணி எங்க போட்டீங்க?"

"ரூம்லங்க."

"போச்சு."

போச்சுதான். வீட்டில் முதலில் மாட்டப்பட்ட டிடெக்டருக்குத்தான் முதல் ஏணி. கல்யாணத்தில் தாய்மாமனை நிற்க வைத்துவிட்டு மற்றவனுக்கு மாலை போட்டால் என்ன ஆகுமோ அதுதான் இதிலும் ஆகும். வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் சொல்லிக்கொடுத்ததே அதைத்தான். களைப்பில் கால் போன பக்கம் போய்விட்டேன்.

இதற்குப் பரிகாரம் ஒன்றுதான். வராத மாதிரி திரும்பிப் போய், புதிதாக வர வேண்டும்.

ஏணியை மடக்கித் தோளில் போட்டு மூன்று மாடியும் இறங்கினேன். தெருவில் கொஞ்ச நேரம் நின்றேன். மறுபடி ஏறி வந்து மணி அடித்தேன்.

"யாருங்க?" சமையலறைக்குக் கேட்கும்படி தெய்வானை அம்மா இழுத்துக் கேட்டார்.

"அலாரம் கம்பெனியில இருந்து வர்றனுங்க."

"அடடே, வாங்க வாங்க. இப்பத்தான் வர்றீங்களா?"

"இப்பத்தானுங்க."

நாச்சிமுத்து ஐயா கரண்டியோடு வெளியே வந்தார். "ஏந் தம்பி, இப்பத்தான போனீங்க? அதுக்குள்ள என்னத்தை மறந்துட்டு வந்தீங்க?"

சமையலறைக்குள் லேசாகத் திறக்கத் தொடங்கியிருந்த சிவப்பு விளக்கு மூடிக்கொண்டது.

"காதுதான் போச்சு," என்றார் தெய்வானை அம்மா, கூரையைப் பார்த்து. "அந்த வாயும் கூடவே போயிருக்கலாம்."

நான் ஏணியை எடுத்துக்கொண்டு மறுபடி கீழே போனேன். இந்த முறை தெய்வானை அம்மா கணவரைச் சைகையில் அடக்கி உட்கார வைத்த பிறகுதான் என்னை மேலே கூப்பிட்டார்.

நேராகச் சமையலறைக்குப் போய் முதல் ஏணி போட்டேன். வீட்டில் இருவரும் சமையலறை டிடெக்டரைப் பெரியவர் என்றும், படுக்கையறையில் இருப்பதைச் சின்னவர் என்றும்தான் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். பெரியவர் விளக்கைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"அவிநாசிப் பக்கமுங்க."

"முதல்ல இங்கதான வந்தீங்க?"

"இங்கதானுங்க."

"செரி, கேளுங்க. அந்தப் பொடுசைக் கொண்டாந்து ரூம்ல மாட்டுன அன்னைக்கு எனக்கு ஒரு வார்த்தை சொன்னாங்களா? டிரில் போடற சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரியும். இந்த வீட்டுல மூத்தவன் நானு."

ஏணியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்ச் சின்னவரிடம் சொன்னேன்.

"சொன்னாங்களே," என்றார் சின்னவர். "ஐயா ஹால்ல நின்னு சத்தமாத்தான சொன்னாரு. 'ரூமுக்கும் ஒண்ணு வாங்கிட்டேன்'னு."

ஏணி சமையலறைக்குப் போனது.

"ஹால்ல நின்னு சொல்றது ஒரு சொல்றதா? கூப்பிடறவன் நேர்ல வந்து கூப்பிடோணும். அன்னைக்கோட நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லைன்னு முடிவு பண்ணிட்டன். அவனுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்குதா முதல்ல? வெறும் பிளாஸ்டிக்கு."

எங்கள் வேலையில் ஒரு நெறி உண்டு. சொல்லைக் குறைக்கக் கூடாது, சத்தத்தைக் குறைக்கலாம். நான் படுக்கையறைக்குப் போய், 'வெறும் பிளாஸ்டிக்கு' என்பதைக் காதில் மந்திரம் ஓதுகிற மாதிரி மெதுவாகச் சொன்னேன்.

"அவரு மட்டும் பித்தளையாமா?" என்றார் சின்னவர். "அப்பளம் பொரிச்சாலே ஒப்பாரி வைக்கறவரு. அவரு அழுகைக்கெல்லாம் நான் எந்திரிச்சா எனக்கு வேற பொழப்பு வேண்டாமா? சொல்லுங்க அவருகிட்ட."

சொன்னேன். பதில் வாங்கினேன். கொண்டுபோனேன். ஒவ்வொரு முறையும் ஏணி நடையைக் கடக்கும்போது தெய்வானை அம்மா காலை மடக்கிக்கொண்டார், கடந்ததும் நீட்டினார். கடைசியில் மடக்குவதும் நீட்டுவதும் அவர் அறியாமலே நடந்தது. என் தோளில் ஏணி படுகிற இடம் கன்றிப் போயிருந்தது.

வெயில் சன்னலிலிருந்து சுவருக்கு நகர்ந்தபோது பெரியவர் கடைசி வார்த்தையாக ஒன்று சொன்னார். "அவன் இங்க வந்து, முறையா, நேர்ல கூப்பிடட்டும். அப்பறம் பாக்கலாம்."

சின்னவருக்கு அதில் மறுப்பில்லை. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "நான் இறங்கி வந்துட்டா ரூமை யாரு பாக்கறது?"

நான் தெய்வானை அம்மாவைப் பார்த்தேன். அவர் நாச்சிமுத்து ஐயாவைப் பார்த்தார். ஐயாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, படுக்கையறையைக் காட்டி, மூக்கைத் தொட்டு, மேலே காட்டினார். ஐயாவுக்கு உடனே விளங்கிவிட்டது. முகம் கழுவித் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார். சின்னவரை நான் திருகி இறக்கியதும், அதே இடத்துக்கு நேர்கீழே முக்காலி போட்டு ஏறி நின்று, மூக்கை நிமிர்த்தி விட்டத்தோடு வைத்துக்கொண்டார்.

"ஏதாச்சும் வாசம் வருதுங்களா?" என்று சைகையில் கேட்டேன்.

"இப்போதைக்கு ஒண்ணுமில்லை," என்றார். பொறுப்பு வந்ததில் குரல் மாறியிருந்தது.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் இரண்டு பூவன் பழமும் வைத்து, நடுவில் சின்னவரை உட்கார்த்தினேன். தெய்வானை அம்மா உட்கார்ந்தபடியே எட்டித் துளி குங்குமம் வைத்தார். சமையலறைக்குள் ஏணியில் ஏறி, தட்டைப் பெரியவரின் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தேன்.

 தட்டு சாயாமல் இன்னொரு கையால் அடியில் தாங்கிக்கொண்டேன்.

"நம்ம வீட்டு ரூம்ல என்னை மாட்டறாங்க," என்று கடைசியில் சின்னவர் சொன்னார். "நீங்க அவசியம் வரோணும்."

"எப்ப?"

"போன வருசமுங்க."

பெரியவர் யோசித்தார். "வர்றன்," என்றார்.

பிறகு, "பேட்டரி மாத்துனாங்களா உனக்கு?" என்று கேட்டார்.

"தைக்கு மாத்துனாங்க. உங்களுக்குங்க?"

"எனக்கும் தைக்குத்தான்."

ரசம் அடுப்பில் ஆறிக்கொண்டிருந்தது. சின்னவர் தட்டில் லேசாக அசைந்தார்.

"அன்னைக்கு எனக்கு வாசம் வந்துச்சுங்க," என்றார். "கரித்துணி வாசம். தொண்டை வரைக்கும் அழுகை வந்துச்சு. கூப்பிடாத எழவுக்குப் போய் அழுதா என்ன சொல்லுவாங்களோன்னு அடக்கிக்கிட்டன்."

"நான் தொண்டை கட்டற வரைக்கும் அழுதன்," என்றார் பெரியவர். "ஒருத்தரும் கூட அழுகலை. அந்தம்மா ஒண்ணுதான் ஓடியாந்துச்சு. ஆமா, அது ஏன் இன்னும் அங்கயே உக்காந்திருக்குது?"

இந்தக் கேள்வியை நான் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. தெய்வானை அம்மாவே நடையிலிருந்து பதில் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லைங்களே. அப்ப ஒரு ஆளு உக்காரத்தான வேணும்?" கோபமே இல்லை குரலில். கோபத்துக்கான தெம்பு இல்லை. "பேசி முடிச்சுட்டா ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. நான் சித்த சாயோணும்."

பெரியவரின் விளக்கு இரண்டு மூன்று முறை அணைந்து எரிந்தது. பிறகு, என்னிடம் இல்லாமல், தட்டைப் பார்த்து அவர் சொன்னார். "நீ அழுதா நானும் அழுவன்."

"நீங்க அழுதா நானும் அழுவனுங்க," என்றார் சின்னவர்.

வாசலோரமிருந்த அலாரம் பெட்டி அதுவரை பேசாமலிருந்தது. அந்தப் பெட்டிக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்டது. "எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு," என்றார் பெரியவர்.

"வந்தாச்சுங்க," என்றார் சின்னவர்.

"வந்தாச்சு," என்று படுக்கையறையிலிருந்து நாச்சிமுத்து ஐயாவின் குரல் கேட்டது.

பெட்டி பச்சை விளக்குப் போட்டது. மூன்று விளக்கு. மூன்றாவதை நான் எடுக்க முடியுமா என்று பார்த்தேன். சேர்ந்தது சேர்ந்ததுதான்; ஐயா முறையாக விட்டத்தில் இருந்தபடி, தன் வாயால் சொல்லியிருக்கிறார். அறைக்குள் எட்டிப் பார்த்தேன். முக்காலிமேல் மூக்கு நிமிர்ந்தபடி நின்றிருந்தார்.

"உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?" என்று கையைக் காட்டிக் கேட்டேன்.

"கேக்கலை தம்பி. ஆனா வந்துருச்சு," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

சேர்த்துவிட்டால் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். பெரியவருக்குக் கீழே ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திக் காட்டினேன். பெரியவர் அழத் தொடங்கினார். தட்டிலிருந்த சின்னவர் அந்த நொடியே கூடச் சேர்ந்துகொண்டார். படுக்கையறையில் நாச்சிமுத்து ஐயா, அதே சுருதியில், வாயைத் திறந்து அழுதார். பெட்டி எல்லாவற்றுக்கும் மேலே ஓங்கி ஓலமிட்டது. ஊதுவத்தியை அணைத்தேன். யாரும் நிறுத்தவில்லை. சோதனைக்காக ஆரம்பித்த அழுகை, மார்கழியில் அழாமல் விட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் பதில் விசில் அடித்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நடைக்கு வந்தேன்.

தெய்வானை அம்மா தூங்கியிருந்தார்.

நாற்காலியில் தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கை மல்லிகைச் சரத்தின் மேல் விழுந்து கிடந்தது. அத்தனை ஓலமும் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. நான் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பெட்டியிடம் போகத் திரும்பினேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் நாற்காலிக்கு அடியில் ஈரம் தெரிந்தது. குழாய் கசிகிறதோ என்று குனிந்து தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் இல்லை, இத்தனை நாள் தேங்கிய தூக்கம். வெதுவெதுப்பாக இருந்தது, தொட்ட விரல் மரத்து மடங்கிக்கொண்டது. அது நடையை நிரப்பி, ஹாலுக்குள் போய், நிலைப்படியைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கத் தொடங்கியது. நான் ஏணியில் இரண்டு படி ஏறி நின்றுகொண்டேன். இரண்டாம் மாடியில் ஒரு நாய் குரைத்துக்கொண்டிருந்தது. பாதிக் குரைப்பில் நின்றுபோனது.

பெட்டி தகவல் சொல்லியிருந்தபடியால் தீயணைப்பு வண்டி வந்தது. அதற்குள் அழுகையெல்லாம் ஓய்ந்து விம்மலாகியிருந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட நாலைந்து பேர் சத்தமில்லாமல் மேலே வந்தார்கள். முன்னால் வந்த அதிகாரி தன் பெயரைச் சென்னியப்பன் என்று சொன்னார். அவர் கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள் தொங்கின. தெய்வானை அம்மாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எப்ப இருந்து தேக்கம்?"

"மார்கழியில இருந்துங்க."

"ஒரு வண்டி பத்தாது," என்றார், அது முழங்கால் அளவு நிற்பதைப் பார்த்து. "வழியறதை மட்டும் எடுத்துக்கறோம் தம்பி. அவங்களுக்கு வேணுங்கறது அவங்ககிட்டயே இருக்கும்."

எனக்கும் ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தார்கள். சன்னல் வழியாகக் குழாயை மேலே இழுத்தோம். சின்னவரைத் திரும்ப அவர் இடத்தில் மாட்டினேன். நாச்சிமுத்து ஐயா முக்காலியிலிருந்து இறங்கி, பூட்ஸ் இல்லாமல் அந்தத் தூக்கத்தில் காலை நனைத்தபடியே நடந்து வந்தார். டிடெக்டர் ஆகிவிட்டதால் அவரை அது ஒன்றும் செய்யவில்லை. கட்டிலிலிருந்து தன் தலையணையை எடுத்துவந்து, மனைவியின் கழுத்துக்கும் நாற்காலிக்கும் நடுவே செருகினார். ஒரு பக்கம் சரியாக வரவில்லை. மறுபடி எடுத்துத் தட்டிச் செருகினார். பிறகு பக்கத்தில் நின்றுகொண்டார்.

கீழே வண்டியின் தொட்டி நிறைந்து டிரைவர் மூடியைத் திருகினார். மேலே இன்னும் வழிந்துகொண்டுதான் இருந்தது. அதற்குள் எதிர் லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் பிளாஸ்டிக் குடங்களோடு வரத் தொடங்கியிருந்தார்கள். பச்சை, ஆரஞ்சு, நீலம். பனியன் கம்பெனியில் டபுள் ஷிப்ட் முடித்தவர்கள் தலையில் ஒட்டிய பஞ்சோடு அப்படியே வந்தார்கள். யாரும் சொல்லாமலே வரிசை நின்றது. யாரும் யாரையும் தள்ளவில்லை.

"தலைக்கு ஒரு குடம்," என்றார் சென்னியப்பன். "கைக்குழந்தை இருக்கற வீட்டுக்கு ரெண்டு."

நானும் கீழே இறங்கி வந்ததும் குழாயின் முனையை என் கையில் கொடுத்தார். முதலில் நின்ற பெண் ஆரஞ்சுக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, உள்ளங்கையால் உட்புறம் ஒரு துடை துடைத்து என் முன்னால் வைத்தாள்.

"நுரையில்லாம பிடிங்க தம்பி," என்றாள்.

நான் குழாயைக் குடத்தின் கழுத்தோரம் சாய்த்துப் பிடித்தேன்.